பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸா, தேர்டு பார்ட்டி போதுமா?

என் வேகன் ஆர் 2012 மாடல். நவம்பர் பிறந்தால் ஏஜெண்ட் போன் செய்துவிடுவார். "சார், இந்த வருஷமும் ஃபுல்லா போட்டுடலாமா, இல்ல தேர்டு பார்ட்டியே போதுமா?" ஐந்தாறு வருடமாக யோசிக்காமல் "ஃபுல்லாவே போடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். போன முறைதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எதிர்வீட்டுக்காரர் தன் சான்ட்ரோவைத் தேர்டு பார்ட்டிக்கு மாற்றிவிட்டு, வருடா வருடம் தண்டம் கட்டுகிறவன் என்பதுபோல் என்னைப் பார்த்தது ஒரு காரணம். கோவையில் இருக்கும் மச்சான் தன் ஸ்விஃப்டுக்கு என்ன செய்யலாம் என்று அதே வாரம் கேட்டது இன்னொன்று. ஒரே கணக்கைத்தான் இரண்டு வண்டிக்கும் போட்டேன். விடை வேறு வேறாக வந்தது.

ஃபுல் இன்சூரன்ஸ் என்று நாம் சொல்வது இரண்டு பாலிசி ஒட்டிய ஒரு தாள். ஒன்று தேர்டு பார்ட்டி: நம் வண்டியால் அடுத்தவர் உயிருக்கோ உடம்புக்கோ பொருளுக்கோ வரும் சேதத்துக்கு. இன்னொன்று ஓடி எனப்படும் ஓன் டேமேஜ்: நம் வண்டிக்கு வரும் சேதம், திருட்டு, தீ, வெள்ளம் இவற்றுக்கு. முதலாவதை விடுவதற்கு வழியில்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 146-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் முதல் தடவை 2,000 ரூபாய், மறுபடியும் பிடிபட்டால் 4,000, சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அபராதத்தை விடுங்கள். ஒரு உயிர் போனால் ட்ரிப்யூனல், அதாவது விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம், தீர்மானிக்கும் இழப்பீட்டுக்கு வீட்டை விற்க வேண்டியிருக்கும். ஆகவே கேள்வி ஓடியைப் பற்றி மட்டும்தான். பாலிசியின் மொத்தத் தொகையைப் பார்த்து "பழைய வண்டிக்கு இவ்வளவா" என்று மலைப்பதில் பொருளில்லை. பாதிப் பணம் எப்படியும் கட்டியே தீர வேண்டியது.

என் வண்டிக்கு வந்த ரினியூவல் நோட்டீஸ் இது. இன்ஜின் 998 சிசி, ஆகவே தேர்டு பார்ட்டி 2,094 ரூபாய். இது 2022 ஜூனில் அரசு அறிவித்த விகிதம், எந்தக் கம்பெனியிலும் மாறாது. 1000 முதல் 1500 சிசி வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தால் எனக்கு 2,471. ஓடி பக்கம் வண்டியின் ஐடிவி, அதாவது கம்பெனியும் நானும் ஒத்துக்கொண்ட மதிப்பு, 1,40,000. பத்து வருடம் தாண்டிய, 1000 சிசிக்குள் அடங்கும் காருக்குச் சென்னையில் பழைய டாரிஃப், அதாவது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவாக இருந்த விலைப்பட்டியல், விகிதம் 3.362 சதவீதம். (வயது ஏற ஏற விகிதமும் ஏறும். ஐந்து வருடத்துக்குள் இருந்தால் 3.127தான்.) அதன்படி 4,707. கம்பெனி தன் பங்குக்கு 20 சதவீதம் குறைத்தது, 3,766. ஆறேழு வருடமாகக் கிளைம் இல்லாததால் என்சிபி, அதாவது கிளைம் போடாதவருக்கான நோ கிளைம் போனஸ் தள்ளுபடி, 50 சதவீதம், 1,883. ஜிஎஸ்டி சேர்த்து 2,222. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இரண்டு வழியிலும் உண்டு என்பதால் அதைச் சேர்க்கவில்லை.

ஆக, நான் யோசிக்க வேண்டிய தொகை 2,222 ரூபாய். மாதம் 185.

இதற்கு எதிரே என்ன கிடைக்கிறது? வண்டி மொத்தமாகப் போனால் 1,40,000 கிடைக்கும், ஒவ்வொரு கிளைமிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக. ஆனால் இன்சூரன்ஸ் இல்லாவிட்டாலும் நசுங்கிய வண்டி கையில் இருக்கும். காயலான் கடையில் 30,000 தருவான் என்று வைத்துக்கொண்டேன். உண்மையில் பாலிசி எனக்குக் கூடுதலாகத் தருவது 1,09,000. அதை 2,222 ஆல் வகுத்தால் 49. ஐம்பது வருடத்துக்கு ஒரு தடவைக்கும் அதிகமாக இந்த வண்டி மொத்தமாகப் போகும் வாய்ப்பிருந்தால் ஃபுல் லாபம். குறைவென்றால் எதிர்வீட்டுக்காரர் சொல்வது சரி.

பிரீமியம் வண்டி மதிப்பில் பத்து சதவீதத்தைத் தாண்டினால் ஃபுல் கவரை விட்டுவிடு என்று இணையத்தில் ஒரு சூத்திரம் உலவுகிறது. அது அமெரிக்காவின் கணக்கு. இங்கே என் ஓடி பிரீமியம் வண்டி மதிப்பில் 1.6 சதவீதம். அந்தச் சூத்திரத்தை நம்பினால் வண்டி துருப்பிடித்து உதிரும்வரை ஃபுல்தான் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"மொத்தமா போறதெல்லாம் எப்பவோ நடக்கறது சார், பம்பர்ல இடிச்சா கிளைம் பண்ணலாமே" என்பார் ஏஜெண்ட். பழைய வண்டிக்கு இந்தப் பேச்சுதான் பெரிய ஏமாற்று. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை.

ஒரு முன்பக்க இடியை எடுத்துக்கொள்வோம். கம்பெனி ஒர்க் ஷாப்பில் எஸ்டிமேட்: பம்பர் 4,500, ஹெட்லைட் 3,200, பானட் 6,000, பெயிண்ட் 8,000, கூலி 4,300. மொத்தம் 26,000. சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் பேனாவை எடுப்பார். பிளாஸ்டிக், ரப்பர் சாமானுக்கு வண்டியின் வயது என்னவாக இருந்தாலும் பாதிதான் தருவார்கள். பம்பரில் 2,250, ஹெட்லைட்டில் 1,600 போச்சு. தகர பாகத்துக்கு ஐந்திலிருந்து பத்து வயது வரை 40 சதவீதம் தேய்மானம், பத்துக்கு மேல் 50. பானட்டில் 3,000 போச்சு. பெயிண்ட் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 1,000. கட்டாயக் கழிவு இன்னொரு 1,000. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது, ஆனால் இப்போதைய ஹெட்லைட் எதுவும் கண்ணாடி இல்லை. கடைசியில் கம்பெனி தருவது 17,150. என் கையிலிருந்து 8,850.

இதோடு முடியாது. ஒரே ஒரு கிளைம் போட்டாலும் 50 சதவீத என்சிபி பூஜ்யமாகிவிடும். மறுபடி 20, 25, 35, 45 என்று படியேறி 50-க்கு வர ஐந்து வருடம். அந்த ஐந்து வருடத்தில் நான் இழக்கும் தள்ளுபடியைக் கூட்டினால் என்சிபி கழிக்கும் முன் உள்ள ஒரு வருட ஓடி பிரீமியத்தில் (3,766) 125 சதவீதம். ஜிஎஸ்டியோடு ஏறத்தாழ 5,550. ஆக இன்சூரன்ஸ் இருந்தும் அந்த இடி எனக்கு வைக்கும் செலவு 14,400.

அதே இடியோடு எங்கள் தெருமுனை டிங்கரிடம் போனேன் என்று வையுங்கள். வண்டியைச் சுற்றி ஒரு நடை, பானட் ஓரத்தில் கட்டை விரலால் ஒரு அழுத்து. "பானட்டை மாத்த வேணாம் சார், தட்டி எடுத்துடலாம். பம்பர் புதுப்பேட்டைல கிடைக்கும். ஹெட்லைட்டும் அங்கயே பாத்துக்குங்க." பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, பத்தாயிரத்துக்குள் முடிந்துவிடும். ரசீது தரமாட்டார். ஆகவே கிளைமுக்கும் ஆகாது. பெயிண்ட் நிறம் வெயிலில் கொஞ்சம் மாறித் தெரியும். பதின்மூன்று வயது வண்டிக்கு அதுவும் ஒரு குறையா?

பழைய காருக்கு இன்சூரன்ஸில் ரிப்பேர் பார்ப்பது டிங்கர் கடையைவிட அதிகச் செலவு. இது தெரிந்த பிறகு ஓடி பாலிசியை வேறு கண்ணால் பார்க்க ஆரம்பித்தேன். சிராய்ப்புக்கும் நசுங்கலுக்கும் அது கிடையாது. வண்டி ஒரேயடியாகப் போகும் நாளுக்கு மட்டும்தான். அப்படியானால் என் வண்டி எதனால் ஒரேயடியாகப் போகும் என்பதே கேள்வி.

திருட்டு? பழைய வேகன் ஆரைத் தேடி வந்து எடுப்பார்களா என்று தெரியாது. எடுத்தாலும் எஃப்ஐஆர், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற போலீஸ் சான்று, வண்டியின் இரண்டு சாவி எல்லாம் கொடுத்தால்தான் கிளைம் நகரும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் பாதிப் பேரிடம் ஒரு சாவிதான் இருக்கும். பெரிய விபத்து? வாரத்துக்கு மூன்று நாள், பெரும்பாலும் தாம்பரத்துக்கும் அடையாறுக்கும் நடுவே ஓட்டுகிறேன். அந்த நெரிசலில் வண்டி நசுங்குமே தவிர அப்பளமாகாது.

மீதி இருப்பது தண்ணீர்.

எங்கள் வீடு வேளச்சேரியை ஒட்டிய தாழ்வான தெருவில். 2015 டிசம்பரில் வண்டியின் சீட் வரை தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் இடுப்பளவு. அன்று வண்டி வெளியூரில் இருந்ததால் தப்பியது. ஒன்பது வருடத்துக்குள் இரண்டு முறை. ஐம்பது வருடத்துக்கு ஒரு தடவை என்ற கோட்டை எங்கள் தெரு எப்போதோ தாண்டிவிட்டது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்தவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாகக் கார்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, அதில் என்னுடையதும் ஒன்று. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குத் தண்ணீர் ஏறினால் மேம்பாலம்வரை யார் ஓட்டிக்கொண்டு போவது?

பழைய வண்டிக்கு வெள்ளக் கிளைமில் இன்னொரு நுணுக்கம் உண்டு. பழுது பார்க்கும் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த நஷ்டம் என்று கணக்கிட்டு ஐடிவியைக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு அந்தக் கோடு 1,05,000. சீட், தரை விரிப்பு, வயரிங், கம்ப்யூட்டர் பெட்டி, ஆல்டர்னேட்டர், இன்ஜின் என்று கம்பெனி ஒர்க் ஷாப் எஸ்டிமேட் போட ஆரம்பித்தால் பழைய வண்டி சீக்கிரம் தொட்டுவிடும். மதிப்புக் குறைந்த வண்டிக்கு இதில் ஒரு வசதி.

ஆனால் தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, அதனால் அது பூட்டிக்கொண்டால், சாதாரண ஃபுல் பாலிசி அந்த இன்ஜினுக்குப் பணம் தராது. அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட் ஆன் வேண்டும். இந்த வயது வண்டிக்கு எனக்குத் தர யாரும் முன்வரவில்லை. 2023-இல் எங்கள் தெருவில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. தண்ணீர் வடிந்ததும் ஆசையில் ஒரு தடவை சாவியைத் திருப்பிவிட்டார். சர்வேயர் வந்தவுடன் ஏர் ஃபில்டர் மூடியைக் கழற்றினார், உள்ளே சேற்றுக் கோடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தார், பிறகு சாதாரணமாக, "ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?" என்றார். இவர் உண்மையைச் சொன்னார். எஸ்டிமேட்டில் இன்ஜின் வரி முழுக்க அடிபட்டது. அது அடிபட்டதால் மீதிச் செலவு 75 சதவீதக் கோட்டைத் தொடவில்லை. மொத்த நஷ்டமாக வர வேண்டியது தேய்மானம் கழித்த ரிப்பேர் பில்லாகச் சுருங்கியது. ஃபுல் பாலிசி வைத்திருப்பவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது, தண்ணீரில் நின்ற வண்டியில் பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, டோவிங் வண்டிக்குப் போன் செய்துவிட்டுச் சும்மா இருப்பதை.

இதுவரை வண்டியைப் பற்றியே பேசிவிட்டேன். எனக்கு உண்மையில் தூக்கிவாரிப் போட்டது வேறு விஷயம்.

தனியார் காரில் நம்மோடு பயணம் செய்கிறவர்கள், மனைவி, நண்பர், லிஃப்ட் கேட்டு ஏறியவர், இவர்கள் தேர்டு பார்ட்டியில் வருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சட்டம் கேட்கும் குறைந்தபட்ச பாலிசி மட்டும் இருந்தால் கட்டணமின்றி வரும் பயணிகளுக்கு அது பொறுப்பாகாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பேக்கேஜ் பாலிசி, அதாவது நம்முடைய ஃபுல், இருந்தால் காரில் உள்ளவர்களுக்கும் கம்பெனியே பொறுப்பு என்பதை 2009-இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏ சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியது, 2012 தீர்ப்பொன்றில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. எதிர்வீட்டுக்காரர் சான்ட்ரோவைத் தேர்டு பார்ட்டிக்கு மாற்றியபோது, பின்சீட்டில் உட்காரும் தன் மருமகளையும் பேரனையும் அந்தக் காப்பிலிருந்து இறக்கிவிட்டார் என்பது அவருக்குத் தெரியாது. ஏஜெண்டும் சொல்லவில்லை. நான் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றார்.

பழைய வண்டிக்கு ஃபுல் வேண்டுமா என்று யோசிப்பவர்கள் ஐடிவியைப் பார்க்கிறார்கள், பின்சீட்டைப் பார்ப்பதில்லை. தேர்டு பார்ட்டிக்குத்தான் போவது என்று முடிவெடுத்தால், பயணிகளுக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டைக் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். அதில் ஆளுக்கு அதிகபட்சம் 2 லட்சம்தான். ட்ரிப்யூனல் தரும் இழப்பீட்டுக்கு அது ஈடாகாது, ஆனால் வெறுங்கைக்குப் பரவாயில்லை.

மச்சானுடைய கதை நேர் எதிர். 2014 ஸ்விஃப்ட் டீசல், 1248 சிசி. தேர்டு பார்ட்டி ஜிஎஸ்டியோடு 4,031. ஐடிவி 2,10,000 போட்டிருந்தார்கள். போன வருடம் ஒரு கதவு இடிக்குக் கிளைம் போட்டதால் என்சிபி இல்லை, கம்பெனித் தள்ளுபடியும் இல்லை. ஓடிக்கு மட்டும் 8,500 கேட்டார்கள். வண்டி போனால் அவனுக்குக் கூடுதலாகக் கிடைப்பது, கழிவும் காயலான் கடை விலை 50,000-மும் போக, 1,59,000. வகுத்தால் 19 வருடத்துக்குக் கொஞ்சம் கீழே. வடவள்ளியில் மேட்டில் வீடு, பூட்டிய ஷெட், வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டாது, பெரும்பாலும் தனியாகவே ஓட்டுவான். பத்தொன்பது வருடத்துக்கு ஒரு முறை அந்த வண்டி மொத்தமாகப் போகும் என்று அவனாலேயே நம்ப முடியவில்லை. தேர்டு பார்ட்டிக்கு மாறச் சொன்னேன், அம்மாவை மருதமலைக்குக் கூட்டிப் போகும் நாட்களுக்காகப் பயணி காப்பீட்டையும் சேர்க்கச் சொன்னேன்.

"மாமா, நீங்க மட்டும் ஃபுல் போட்டுக்கிட்டு என்னை விடச் சொல்றீங்களே" என்றான்.

"உன் வண்டி மேட்டுல நிக்குதுடா" என்றேன்.

அவனிடம் நான் கேட்ட இன்னொரு கேள்வி, நாளைக் காலை வண்டி இல்லாமல் போனால் கடன் வாங்காமல் இதேபோல் ஒன்று வாங்க முடியுமா என்பது. முடியும் என்றான். முடியாதென்றால் 8,500-உம் நியாயமான விலைதான். வண்டியை வைத்துப் பிழைப்பவருக்கு என் வகுத்தல் கணக்கு பொருந்தாது. வங்கிக் கடன் பாக்கியிருக்கும் வண்டிக்கோ இந்தக் கேள்வியே கிடையாது, வங்கி ஃபுல்தான் கேட்கும்.

நடுவே சில வழிகள் உண்டு. தேர்டு பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்க்கும் பாலிசி பழைய டாரிஃப் புத்தகத்தில் இருக்கிறது, கேட்டபோது ஏஜெண்ட் விழித்தார். எப்படியும் வெள்ளம் அதில் வராது, எனக்குப் பயனில்லை. வாலண்டரி டிடக்டிபிள் என்று கூடுதல் கழிவை நாமே ஏற்றுக்கொண்டு பிரீமியம் குறைப்பது இன்னொன்று. 15,000 கழிவை ஏற்றால் டாரிஃப்படி 35 சதவீதம் குறையும், அதற்கும் 2,500 என்று உச்ச வரம்பு. என் வண்டிக்கு என்சிபியெல்லாம் போக மிஞ்சியது 780 ரூபாய்க்குள். அதற்காக 15,000-ஐப் பணயம் வைப்பேனா? ஐடிவியைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தைக் குறைப்பது மூன்றாவது, ஏஜெண்டுகளுக்குப் பிடித்தது. ஐந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐடிவி பேச்சுவார்த்தையில் முடிவாவது என்பதால் இது நடக்கும். மொத்த நஷ்டத்துக்காக மட்டுமே பாலிசி எடுத்துவிட்டு அந்தத் தொகையையே குறைத்துக்கொள்வது எந்தக் கணக்கில் சேரும் என்று புரியவில்லை.

விடுவதென்று முடிவானால் தேதியைக் கவனியுங்கள். ஓடி காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் என்சிபி செத்துவிடும். பிறகு மனம் மாறித் திரும்பினால் வண்டியை ஆய்வு செய்துதான் எடுப்பார்கள், விலையும் என்சிபி இல்லாத விலை. மச்சானுக்கு இழக்க என்சிபி இல்லை, ஆகவே அவன் விடுவது எளிது. என்னிடம் 50 சதவீதம் இருக்கிறது. என் ஓடி மலிவாக இருப்பதற்கே அதுதான் காரணம். ஒருநாள் கிளைம் போட்டு அது போய், ஐடிவியும் 95,000 அளவுக்கு இறங்கினால், அதே வகுத்தல் 49-லிருந்து 21-க்கு வந்துவிடும். எங்கள் தெருவுக்கு 21 வருடம்கூட அதிகம்தான், ஆனால் வேறு தெருவில் இருந்தால் அன்றைக்கே விட்டுவிடுவேன்.

2027-இல் ஆர்சி புக்கின் பதினைந்து வருடம் முடிகிறது. எஃப்சிக்கு, அதாவது வண்டியின் தகுதிச் சான்றுக்கு, காட்ட வேண்டும், அதற்கு முன் தரைத் தகரத்தில் துருவைச் சுரண்டி வெல்டிங் வைக்க வேண்டியிருக்கும் என்று டிங்கர் இப்போதே சொல்லிவிட்டார். அந்த எஸ்டிமேட்டைப் பார்த்த பிறகு வண்டியே இருக்குமா என்பது தெரியும். இந்த நவம்பரில் ஏஜெண்ட் போன் வந்தபோது வெளியே மழை. "ஃபுல், அதே ஐடிவி, ஒரு ரூபாய் குறைக்காதீங்க" என்றேன். எதிர்வீட்டுக்காரர் மறுநாள் காலையில் அந்த ஏஜெண்டின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.